வாசற்படிக்குள் கிடந்த கடல்

அரியலூர்
10.9.2025

அன்பு மகள் வேணிக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை செந்தில்குமாரும் பேத்தி முத்தமிழும் அந்தக் குளிர் ஊரில் தும்மல் இருமல் இல்லாமல் சுகமாக இருக்க வேண்டும் என்று அம்மா தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறாள், நான் பக்கத்தில் நின்று ஆமாம் போடுகிறேன். இங்கே இருவரும் நலம். எனக்குச் சர்க்கரை சொன்ன பேச்சைக் கேட்கிறது, அம்மாவுக்கு முட்டிவலிதான் அவள் எழுந்திருப்பதற்கு முன்னால் எழுந்துவிடுகிறது. வாராவாரம் போனில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, இந்த மனுஷனுக்கு இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் அம்மா பக்கத்தில் இருப்பாள். அவள் காதில் விழாமல் உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது, இருபத்து நாலு வருஷமாக இருக்கிறது. அவள் இப்போது ரேஷன் கடைக்குப் போயிருக்கிறாள், வருவதற்குள் எழுதி முடிக்கப் பார்க்கிறேன். முப்பத்தொரு வருஷம் கண்டக்டராக இருந்தவன், நேரே போய் இறங்கத் தெரியாது, எல்லா ஸ்டாப்பிலும் நின்றுதான் போவேன். பொறுத்துக்கொள்.

நீ கடைசியாக வந்துபோய் ஆறு வருஷம் ஆகிறது. இப்போது வந்தால் பஸ் ஸ்டாண்டில் இறங்கி வழி கேட்பாய். வெளியூர்க்காரன் வந்தால் தங்க அப்போதெல்லாம் நல்ல லாட்ஜ் என்று ஒன்றுதான் இருந்தது, அதிலும் சிமெண்டுக் கம்பெனிக்கு வந்தவர்களும் கல்யாணத்துக்கு வந்து இடம் பற்றாதவர்களும்தான் படுத்திருப்பார்கள். சுற்றிப் பார்க்க என்று யாராவது இங்கே இறங்கினால் நானே அவரைப் பாவமாகப் பார்ப்பேன். இப்போது வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் சென்னை நம்பர் கார்கள் வரிசையாக வருகின்றன. கங்கைகொண்ட சோழபுரத்தில் கோயில் பார்க்கிறார்கள், கரைவெட்டியில் பறவை பார்க்கிறார்கள், அந்தப்பக்கம் பெரம்பலூர் போகிற வழியில் சாத்தனூர்க் கல்மரத்தைக்கூட விடுவதில்லை, பக்கத்தில் படுத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். சுண்ணாம்புக்கல் தோண்டி முடித்துவிட்டுப்போன பள்ளம் ஒன்றில் மழைத்தண்ணீர் நின்று ஏரி மாதிரி ஆகிவிட்டது அல்லவா, அதன் கரையில் ஒருவர் ரிசார்ட் கட்டியிருக்கிறார். லாரியில் மணல் கொண்டுவந்து கொட்டி, குடை நட்டு, நாலு படகும் விட்டு, கடல் இருந்த ஊருக்கு வருக என்று போர்டு வைத்திருக்கிறார். பல கோடி வருஷத்துக்கு முன்னால் போன கடலை அந்த மனுஷன் டிராக்டர் வைத்துத் திருப்பிக் கூட்டிவந்துவிட்டார் போ. அம்மாவுக்கு அதைப் பார்த்துச் சிரிப்பு தாங்கவில்லை. போன மாதம் வாரணவாசியில் இருக்கிற மியூசியத்துக்கும் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். அந்தக் கடலில் வாழ்ந்து கல்லாகிப்போனவைதானாம், நாம் காலில் எத்திக்கொண்டு போன நத்தைக்கல்லுக்கும் சிப்பிக்கல்லுக்கும் கண்ணாடிப் பெட்டி, விளக்கு, பெயர்ச்சீட்டு. பெரிய சுருள் கல் ஒன்றின் முன்னால் அம்மா ரொம்ப நேரம் நின்றாள். நம்ம ஒம்போதாம் நம்பரு இதவிட வடிவா இருக்கும்ல என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டாள். உன் கல்லின் நம்பர் அவளுக்கு எப்படி நினைவிருக்கிறது என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

ஆமாம், உன் கல் விஷயம்தான். பெரம்பலூரில் எடுத்து அரியலூர், கைகாட்டி, உடையார்பாளையம், ஜெயங்கொண்டம், கங்கைகொண்ட சோழபுரம் வரைக்கும் போகிற வண்டியில் நான் இருந்த காலம். சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லையென்றால் நீ என்னோடு வந்துவிடுவாய். முன்சீட்டில் ஜன்னல் ஓரம் உனக்கு, கையில் அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோறு. செம்மண்ணும் முந்திரித் தோப்பும் வந்தால் ஜெயங்கொண்டம் நெருங்கிவிட்டது, மண் வெளுத்துச் சுண்ணாம்பு மாதிரி ஆனால் வீடு நெருங்கிவிட்டது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வாய். எங்கே வண்டி ஐந்து நிமிஷம் நின்றாலும் இறங்கி ஓடி, கிணறு வெட்டிப் போட்ட மேட்டையோ கல் லாரி குலுங்கிக் கொட்டிவிட்டுப்போன ஓரத்தையோ கிளறிக்கொண்டிருப்பாய். டிரைவர் ஹாரன் அடிப்பார், பிரயாணிகள் திட்டுவார்கள், நான் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊதாமல் நிற்பேன். உனக்காக வண்டியை லேட் ஆக்கியிருக்கிறேன், இப்போது சொன்னால் யாரும் மெமோ கொடுக்க முடியாது. டெப்போவில் பஸ்ஸுக்கு நம்பர் எழுதுகிற மஞ்சள் பெயிண்டைச் சின்ன டப்பாவில் வாங்கிவந்து தந்தேன், நீ ஒவ்வொரு கல்லிலும் நம்பர் போட்டு, நோட்டில் எந்த ஸ்டாப்பில் எடுத்தது என்று எழுதினாய். மொத்தம் பதினாலு. ஒருநாள் உச்சி வெயிலில் கைகாட்டியில் நின்றுகொண்டு, ஏம்ப்பா இங்க இருந்த கடலு எங்கப்பா போச்சு என்று கேட்டாய். முதல் வண்டிய வுட்டுட்டு அடுத்த வண்டியில போயிடுச்சு பாப்பா என்றேன். அதற்கு நீ விழுந்து விழுந்து சிரித்தாய். இன்றைக்கு நீ ஜன்னலைத் திறந்தால் கடல் தெரிகிற ஊரில் இருக்கிறாய், அதைப் போனில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கைகாட்டிதான் ஞாபகம் வருகிறது, அந்த நாளெல்லாம் திரும்பி வராதா என்று ஏக்கமாக இருக்கிறது.

ஊரை ஜில்லா ஆக்கிய வருஷம் நாம் வீடு கட்டினோம். ஜில்லா வந்துவிட்டது, ஆபீஸ் எல்லாம் வரும், ஊர் பெருகும் என்று எல்லோரும் ஆளுக்கொரு அஸ்திவாரம் தோண்டினார்கள். அடுத்த வருஷமே ஜில்லாவை எடுத்துவிட்டார்கள், பிறகு மறுபடியும் கொடுத்தார்கள், அது வேறு கதை. கிரகப்பிரவேசத்துக்கு நாலு நாள்தான் இருந்தது. டபுள் டியூட்டி பார்த்துவிட்டு வந்து சேர்கிறேன், வாசற்படி கட்டுகிற கொத்தனார் முருகையன் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். அண்ணே, உள்ள ரொப்புறதுக்கு ஒரு கூடை கல்லு கொறையுது, லாரி இனிமே திங்கக்கிழமைதான் வரும் என்கிறார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. சாமான்கள் அடுக்கியிருந்த இடத்தில் நீ கல்லையெல்லாம் போட்டு வைத்திருந்த ஆப்பிள் பெட்டி கண்ணில் பட்டது. ஊர் பூராவும் இறைந்து கிடக்கிற கல்தானே, ஒரு மழை பெய்தால் இன்னும் இருபது பொறுக்கிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். எடுத்துப் போடுங்க என்று சொன்னவன் நான். அம்மா ஓடிவருவதற்குள் முருகையன் பெட்டியைக் கவிழ்த்து, மேலே மண்ணைத் தள்ளித் திமிசுக்கட்டையால் இடித்துக் கெட்டித்துவிட்டார். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து பெட்டியைத் தேடியபோது உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. வாயில் வந்ததைச் சொன்னேன், வீட்ட ஒழிக்கிறப்ப அம்மா பெட்டியோட பழைய இரும்புக்காரன்ட்ட போட்டுருச்சு போலருக்கு பாப்பா என்று. அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். என்னை ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு உன்னிடம், தெரியாமப் போட்டுட்டேன்டி தங்கம் என்றாள். கல்லைப் போட்டது நான்தான் வேணி, உன் அம்மா இல்லை.

அதற்குப் பிறகு நடந்தது உனக்கே தெரியும், ஆனால் நான் எந்தப் பக்கத்தில் நின்று பார்த்தேன் என்பது தெரியாது. மூன்று மாதம் நீ அவளோடு பேசவில்லை. ஹாலில் மாட்டியிருக்கிற கிரகப்பிரவேசப் போட்டோவில் நீ என் கையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய், அம்மா தள்ளி, அந்தப் புதுப் படிமேல் தனியாக நிற்கிறாள். நான் குற்ற உணர்ச்சி தாங்காமல் வழியில் கிடந்த நத்தைக்கல்லையெல்லாம் பொறுக்கி வந்தேன், வேணாம்ப்பா அம்மா மறுபடி போட்டுரும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டாய். ஹாஸ்டலுக்குப் போனபோது பெட்டியை அவளை அடுக்க விடவில்லை, நீங்க அடுக்குங்கப்பா என்றாய், நானும் வெட்கமில்லாமல் அடுக்கினேன். வீட்டில் ஒரு ஊக்கு காணாமல் போனாலும் அம்மா கையில குடுத்தா அவ்ளோதான் என்பது நமக்கெல்லாம் வேடிக்கைப் பேச்சாகிவிட்டது, அவளும் சேர்ந்து சிரித்தாள். நாள் ஆக ஆகச் சொல்வது கஷ்டமாகிவிட்டது, பிறகு சொல்லாமல் இருப்பதே பழகிவிட்டது. போன மாதம் மியூசியத்துக்குப் போய்வந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தபோது முத்தமிழ் போனை வாங்கி, அம்மாயி, எங்கம்மா கல்ல ஏன் தூக்கிப் போட்டீங்க என்று கேட்டாளே, ஞாபகம் இருக்கிறதா. குழந்தை கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அம்மா சிரித்துக்கொண்டே, அப்ப அம்மாயிக்கு அறிவு இல்லடா கண்ணு என்றாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். என் பொய் கடல் தாண்டிப்போய் என் பேத்தி வாயிலிருந்து வருகிறது, இவள் அதையும் வாங்கி வைத்துக்கொள்கிறாள்.

இதற்கு நடுவில் நம் தெருவுக்கு அளவு எடுக்க வந்தார்கள். வண்டிகள் கூடிப்போனதால் ரோட்டை அகலப்படுத்துகிறார்கள், நம் வீட்டில் முன்பக்கம் ஆறடி போகிறது. படி இருக்கிற இடத்தைத் தாண்டிச் சிவப்புக் கோடு போட்டுவிட்டார்கள். மெஷின் வந்து அள்ளினால் எல்லாம் மண்ணோடு மண்ணாகிவிடும் என்று நானே கடப்பாரையை எடுத்தேன். அறுபத்தேழு வயதில் இது உங்களுக்குத் தேவையா என்று அம்மா கேட்பாள் என்று பார்த்தேன், கேட்கவில்லை. மோர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். மூன்று நாள் காலையில் கொஞ்சம் கொஞ்சமாக இடித்தேன். முதலில் வந்தது நாலாம் நம்பர், மஞ்சள் பெயிண்ட் பாதி போய், ஆனால் உன் கையெழுத்து அப்படியே இருந்தது. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன், ரோட்டில் போன கார்க்காரன் வண்டியை நிறுத்தி அடி பட்டுவிட்டதா ஐயா என்று கேட்டான். பதின்மூன்று கிடைத்தன, அதில் ஒன்று மட்டும் இரண்டாக உடைந்திருக்கிறது. அம்மா ஒவ்வொன்றையும் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, துண்டை விரித்து வரிசையாக வைத்தாள். ஒன்பதாம் நம்பருக்கு மட்டும் இடம் விட்டிருந்தாள்.

அந்த ஒன்பதைத் தேடி நாலாம் நாள் முழுக்க மணல் சல்லடையில் மண்ணைச் சலித்தேன். கை கொப்புளம் போட்டுவிட்டது. மத்தியானம் அவள் வந்து நின்று, தேடாதீங்க, அது அங்க இல்ல என்றாள். கையில் உன் பள்ளிக்கூட ரிப்பன் சுற்றிய பொட்டலம். பிரித்தால் ஒன்பது. அன்றைக்குப் பெட்டியைக் கவிழ்த்தபோது மணல் மேட்டுப்பக்கம் உருண்டுபோனதை எடுத்து டிரங்குப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டாளாம். இருபத்து நாலு வருஷமாக அது நம் வீட்டிலேயே இருந்திருக்கிறது. ஏன் பொன்னம்மா, இத அவகிட்டக் குடுத்திருந்தா ஒம்மேல இருந்த கோவம் அன்னைக்கே போயிருக்குமே என்று கேட்டேன். குடுத்தா மத்த கல்லெல்லாம் எங்கன்னு கேப்பால்ல, ஒங்களத்தானே காட்டணும் என்றாள். காட்டியிருக்கலாமே என்றேன். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீ கேட்க வேண்டும். ரெண்டு பேரு மேலயும் கோவிச்சுக்கிட்டா புள்ள யாருகிட்டங்க போவா என்றாள். சொல்லிவிட்டு அடுப்பில் வைத்தது அடிப்பிடிக்கும் என்று உள்ளே போய்விட்டாள்.

அவ்வளவுதான் பாப்பா, கடைசி ஸ்டாப் வந்துவிட்டது. நீயும் மாப்பிள்ளையும் முத்தமிழும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். குளிரில் காதைக் கட்டிக்கொள், பிள்ளைக்கு வாரம் ஒருநாள் எண்ணெய் தேய்த்துவிடு. கல்லைப் போட்டது தாத்தாதான் என்று அவளிடம் மறக்காமல் சொல்லிவிடு. என்மேல் கோபம் வந்தால் அடக்காதே, மூன்று மாதம் பேசாமல் இரு. எனக்கு அது பழக்கமில்லை, உன் அம்மா இருந்து பார்த்ததுதானே, நானும் இருந்து பார்க்கிறேன். இதை உனக்கு எழுதியது அவளுக்குத் தெரியாது. பதினாலு கல்லும் உன் வரவுக்காக வரிசையாக இருக்கின்றன, மியூசியத்துக்குக் கொடுப்பதோ வைத்துக்கொள்வதோ உன் இஷ்டம், ஒன்பதை மட்டும் அவளிடம் கேட்டு வாங்கிக்கொள். இந்தக் கடிதம் கிடைத்து வருகிற முதல் ஞாயிற்றுக்கிழமை போன் போடும்போது வழக்கம்போல அப்பா எங்கே என்று கேட்காதே. அம்மாவோடு பேசு. நான் வெளியே, படி இல்லாத வாசலில் உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
பாலசுந்தரம்