‘சாப்பிட்டாச்சு’ என்றொரு ஃபோல்டர்

மார்ச் 3

அன்புள்ள அண்ணா,

நான் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துவிட்டது. பதில் போட்டால்தானே தெரியும்? உன் ராணுவ அலுவலகத்தில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். வெளியே வந்த பிறகும் நாம் போனில் மனம்விட்டுப் பேசுவதில்லை. எதை எப்படியெல்லாம் ஒட்டுக்கேட்கலாம் என்று ஊருக்கே பாடம் எடுத்தவர்கள் ஆயிற்றே! அதனால்தான் இந்தக் கவரும் பசையும்.

நீ விட்டுப் போன கம்ப்யூட்டர் பாதுகாப்பு மாலை வகுப்பை நான் விடவில்லை. மருத்துவமனைக்காரர்கள்தான் அதிகம் வருகிறார்கள். தலைமை நர்ஸ் அக்காவை நினைவிருக்கிறதா? பாஸ்வேர்டை எழுதி கீபோர்டுக்கு அடியில் ஒட்டியதற்காக ஒரு பிடி பிடித்தாயே, அவர்தான். இப்போது மருந்து அலமாரிக்குள் ஒட்டி வைத்திருக்கிறார். “அது பூட்டு போட்ட அலமாரி டீச்சர்” என்று எனக்கே பாடம் நடத்துகிறார்.

ஆனால் போன வாரம் மானத்தைக் காப்பாற்றியதும் அவர்தான். மருத்துவமனைக் கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாக இருண்டுபோனபோது, மற்றவர்கள் திகைத்து நிற்க, இவர் ஓடி ஓடி நெட்வொர்க் ஒயரைப் பிடுங்கிப் போட்டிருக்கிறார். “நீங்க சொன்னதுதானே, மொதல்ல ஒயரைப் புடுங்கு, அப்புறமா அழு” என்றார். பாதி தப்பியது. ரத்த வங்கிக் கம்ப்யூட்டர் தப்பவில்லை. எந்த மருத்துவமனையில் எந்த வகை ரத்தம் இருக்கிறது என்பதெல்லாம் அதில்தான் இருந்தது. பிரசவத்துக்கு வந்த ஒரு பெண்ணுக்காக ரத்தம் தேடி அலைந்திருக்கிறார்கள். அவள் இன்னும் கண் திறக்கவில்லை.

கெட்டுப்போன கம்ப்யூட்டர் ஒன்றை நம் லேப்புக்கு அனுப்பியிருக்கிறார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் மின்நிலையங்களைப் படுக்கவைத்த அதே வைரஸாம். சண்டைக்குப் போனது வழிதவறி நம் பக்கமும் வந்துவிட்டது என்கிறார்கள். பிரித்துப் பார்க்கப் போகிறேன். நீயும் பக்கத்தில் இருந்தால் நன்றாக இருக்கும்.

உன் தங்கை

மார்ச் 9

அன்புள்ள வாலு,

பதில் போடாதது தப்புதான், திட்டிக்கொள். இங்கே மூச்சுவிடக்கூட நேரமில்லை.

அந்த மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிடு. பெரிய இடத்து விவகாரம், நமக்கு வேண்டாம். நீ பாடம் எடுப்பவள், பாடத்தோடு நின்றுகொள். எல்லைக்கு அந்தப் பக்கத்தவர்கள் நம் ரயில் சிக்னல்களை நிறுத்தியபோது அங்கே யார் வருத்தப்பட்டார்கள்? சண்டை என்று வந்துவிட்டால் யாராவது செய்துதான் ஆகவேண்டும். இங்கே வந்து உட்கார்ந்தால் உனக்கும் புரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள். அந்தப் பெண்ணுக்கு இப்போது எப்படி இருக்கிறது?

அண்ணன்

மார்ச் 13

அண்ணா,

அந்தப் பெண் இறந்துவிட்டாள். குழந்தை பிழைத்துக்கொண்டது.

மெஷினை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. பிரித்துவிட்டேன். அந்த வைரஸ் எந்தக் கம்ப்யூட்டருக்குள் போனாலும், கைவைக்கும் முன் ஒரு ஃபோல்டரைத் தேடுகிறது. காலி ஃபோல்டர். பெயர், ‘சாப்பிட்டாச்சு’.

மாணவர்கள் பயிற்சிக்கு எழுதும் வைரஸ் நம் லேப்பையே தின்றுவிடக் கூடாது என்று நாம் போட்ட விதி. இந்த ஃபோல்டர் இருந்தால் ஒன்றும் செய்யாமல் வெளியேறிவிட வேண்டும். ‘சாப்பிட்டாச்சுன்னு சொல்றவனை யாரும் வற்புறுத்த மாட்டாங்க’ என்று சிரித்துக்கொண்டே நீதான் பெயர் வைத்தாய். நம் லேப்புக்கு வெளியே யாருக்கும் தெரியாத விதி அது.

நல்ல கம்ப்யூட்டர் ஒன்றில் அந்த ஃபோல்டரை உண்டாக்கி, வைரஸை உள்ளே விட்டேன். வந்தது, பார்த்தது, போய்விட்டது. இன்னொரு முறை விட்டுப் பார்த்தேன். அப்போதும் அப்படியேதான்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் எல்லா மருத்துவமனைகளுக்கும் இந்த வழியைச் சொல்லி முடித்திருப்பேன். எல்லைக்கு அந்தப் பக்கத்து மருத்துவமனைகளும் படிக்கும்படி பொதுவில்தான் போடுகிறேன். உன்னைக் கேட்டுவிட்டுச் செய்திருக்கலாம். நீ வேண்டாம் என்றிருப்பாய், நான் அப்போதும் சொல்லியிருப்பேன். அப்புறம் எந்த முகத்தோடு பேசிக்கொள்வது? அதனால் கேட்கவில்லை.

எழுதியவன் யார் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் உன் மேலதிகாரிகள் மடையர்கள் இல்லை, கண்டுபிடித்துவிடுவார்கள். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒன்று மட்டும் சொல். அந்த வழியை நீ வேண்டுமென்றேதானே விட்டுவைத்தாய்? ஆமாம் என்று எழுது அண்ணா.

தங்கை

மார்ச் 19

வாலு,

ஆமாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை. மறந்துவிட்டேன் என்பதுதான் உண்மை.

சீக்கிரம் சீக்கிரம் என்று கழுத்தைப் பிடித்தார்கள். பழைய லேப் புரோகிராமை எடுத்து அதன் மேலேயே கட்டிவிட்டேன். ஒரு மாணவன் இப்படிச் செய்திருந்தால் வகுப்பை விட்டே துரத்தியிருப்பேன். மின்நிலையத்தைத் தாண்டி அது எங்கே போகும் என்று நான் யோசிக்கவே இல்லை. யோசிக்கத் தெரியாதவனா நான்? அதைத்தானே வருஷக்கணக்காகச் சொல்லிக்கொடுத்தேன்.

கூப்பிட்டு விசாரித்தார்கள். என்னுடையதுதான் என்று சொன்னேன். கத்துவார்கள் என்று நினைத்தேன். டீ வரவழைத்துக் கொடுத்து, “பரவாயில்லை, அந்த ஓட்டையை மட்டும் அடைச்சு இன்னொண்ணு எழுதிக் கொடுத்துடுங்க” என்றார்கள். அதுதான் என்னை உலுக்கிவிட்டது. முடியாது என்றேன். நல்லா யோசிச்சுட்டு வாங்க என்று அனுப்பியிருக்கிறார்கள்.

யோசித்துவிட்டேன். நாளை அடையாள அட்டையை வாசலில் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். வழக்கு போடுவார்களோ என்னவோ, போடட்டும். நான் எழுதாவிட்டால் இன்னொருவன் எழுதுவான். அதனால் வகுப்பை மட்டும் நிறுத்திவிடாதே.

மருத்துவமனைகளுக்கு நீ வழி சொன்னது சரி. என்னைக் கேட்காமல் சொன்னது அதைவிடச் சரி. உன் வீட்டு வாசலில் வந்து நிற்க எனக்குத் தைரியம் இல்லை.

அண்ணன்

மார்ச் 24

அண்ணா,

தைரியம் இல்லையாம்! நீ அங்கே தங்கியிருக்கும் அறையைக் காலி செய்வதற்குள் இது கிடைக்க வேண்டுமே என்று அவசரமாக எழுதுகிறேன்.

உன்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. தீரும் என்று வாக்குக் கொடுக்கவும் மாட்டேன். நீ முடியாது என்று சொன்னதைப் படித்து அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

வகுப்பில் இப்போது உட்கார இடமில்லை. புதிதாக ஒரு தச்சர் சேர்ந்திருக்கிறார். பச்சைக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிறார். “எனக்கு கம்ப்யூட்டரைத் தொடக்கூடத் தெரியாதும்மா. என் பொண்டாட்டி எதனால செத்துப்போனான்னு புரிஞ்சுக்கணும், அவ்வளவுதான்” என்றார். எப்படி வந்தது, எப்படிப் பரவியது, எல்லாவற்றையும் சொன்னேன். குழந்தையைத் தட்டிக்கொடுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், “இதை எழுதினது யாரும்மா?” என்றார்.

தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்த வகுப்பில் சொல்கிறேன் என்றேன்.

அடுத்த வகுப்பு செவ்வாய்க்கிழமை மாலை. அவர் முன்வரிசையில்தான் உட்காருவார். அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. நீ வந்து சொல்.

உன் தங்கை