படம் வந்த நேரம்

அக்கா, அந்தப் படம் கடை ஃபோனுக்கு எத்தனை மணிக்கு வந்தது என்பதை அன்று நான் உங்களிடம் சொல்லவில்லை.

இன்று காளவாசல் பஸ் ஸ்டாப்பில் யாருக்கோ காதணி விழா ஃப்ளெக்ஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள். மை வாசனை இன்னும் போகவில்லை. வந்த பஸ்ஸை விட்டுவிட்டு நின்றேன். போஸ்டர் அடிக்கும் கடையில் அந்த வாசனைக்குள்தான் நாம் இரண்டு வருடம் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். இறந்தவர்களின் முகத்தை நீங்கள் கம்ப்யூட்டரில் வெளுப்பாக்குவீர்கள். கீழே கண்ணீர் அஞ்சலி செலுத்தும் சொந்தங்களின் பெயர்களை நான் அடிப்பேன்.

பேரையூர்ப் பக்கத்துத் துக்கப் போஸ்டர் ஆர்டர்களை உங்கள் வீட்டுக்காரர்தான் பிடித்துத் தருவார். அவருடைய சொந்த ஊர்ப் பக்கம். சாவு விழுந்த எந்தக் கேத வீட்டிலும் முதல் ஆளாக நிற்பவர். ஐஸ் பெட்டி, பந்தல், மேளம் எல்லாம் அவர் ஏற்பாடு. பிணத்தின் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டுவதும், வாய் திறந்துகொள்ளாமல் தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டுவதும் அவர் கைதான். "பெத்த புள்ளகூட இம்புட்டு பாக்காதும்மா" என்று கடைக்கு வருகிறவர்கள் சொல்வார்கள். நீங்கள் திரையிலிருந்து கண்ணை எடுக்க மாட்டீர்கள்.

ஒருநாள் இடது கண் மூடிப்போய், பின்னந்தலையில் ஒரு கொத்து முடி இல்லாமல், ரத்தம் உறைந்து வந்தீர்கள்.

"என்னக்கா இது?"

"சுவத்துல வச்சு அரைச்சுட்டாருடி. அம்மில மொளகா அரைக்கிற மாதிரி."

சிரித்தீர்கள். உதடு மறுபடி பிளந்து ரத்தம் வந்தது.

"போலீசுக்குப் போவோமா?"

"போடி கிறுக்கி. அடிச்சதுக்கப்புறம் என்ன பண்ணுவாரு தெரியுமா? சுடுதண்ணி வைப்பாரு, மஞ்சப் பத்து போடுவாரு, சோத்தப் பெசஞ்சு ஊட்டிவிடுவாரு. அப்ப அவரு மொகத்தப் பாக்கணும் நீ. அம்புட்டு அமைதி. அதுக்காகத்தான் அடிக்கிறாரோன்னு இருக்கும்."

கொலைகாரர்களைப் பற்றி நான் நிறையப் படித்திருக்கிறேன். அந்தக் கடைசி வார்த்தையில் நீங்கள் சொன்னதை எந்தப் புத்தகமும் எனக்குச் சொன்னதில்லை. அன்று அது எனக்குப் புரியவும் இல்லை.

பிறகு பேரையூர்ப் பக்கத்துக் கிழவி ஒருத்தியின் படம் வந்தது. 'ரெடி பண்ணி வைங்க' என்று உங்கள் வீட்டுக்காரரின் வழக்கமான செய்தியோடு. இழுத்துக்கொண்டு கிடப்பவர்களின் படம் இப்படி முன்கூட்டியே வருவது நம் கடையில் சகஜம். யாரும் நேரம் பார்ப்பதில்லை. மதியம் கிழவியின் மகன் சென்னையிலிருந்து பெயர்கள் சொல்லக் கூப்பிட்டார். பாதியில் உடைந்து அழுதார்.

"காலைல ஒம்பதரைக்குக்கூட எங்கிட்ட பேசுச்சுங்க. ஆட்டுக்கு வேப்பங்கொழை ஒடிக்கப் போறேன்னுச்சு. நோய்னு ஒருநாள் படுத்ததில்ல."

ஃபோனை எடுத்துப் பார்த்தேன். படம் வந்தது ஒன்பது பத்துக்கு.

போஸ்டர் கட்டை எடுத்துப்போக அவரே வந்தார். "என்ன பாப்பா, பேரெல்லாம் சரியா அடிச்சியா? ஒரு மாமன் பேரு விட்டுப்போனாலும் கேத வீட்ல கொலை விழுந்துரும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"கேதத்துக்கு நானும் போறேன்டி. இந்த மாசம் பூராம் மனுசன் கை வைக்கல, தெரியுமா? வாரேன்" என்று என் காதில் சொல்லிவிட்டுப் போனீர்கள். போஸ்டர் கட்டை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினீர்கள். ஃபோன் என் கையில் இருந்தது. கண்டதையும் படித்துவிட்டு கண்ட இடத்தில் கொலையைப் பார்க்கிறேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். உங்கள் சந்தோஷத்தைக் கெடுக்கவும் மனமில்லை.

போலீஸ் பின்னால் சொன்னதைக் கேளுங்கள். மூன்று கிழவிகள். மூன்று பேரும் தனியாக இருந்தவர்கள். நெஞ்சில் முழங்காலை ஊன்றி, வாயையும் மூக்கையும் பொத்தியிருக்கிறார். தோண்டியெடுத்துப் பார்த்தபோது விலா எலும்புகள் முறிந்திருந்தன. திமிறியதில் அவர்களுடைய பற்களே உள்ளுதட்டைக் கிழித்திருந்தன. அவர் கட்டிய தாடைத் துணி அதை மறைத்துவிட்டது. நகை எதுவும் போகவில்லை. விசாரணையில் அவர் சொன்னது ஒன்றுதானாம்: "எல்லாரையும் நல்லபடியாத்தான் அனுப்பி வச்சேன்."

உங்களுக்கு மஞ்சள் பத்து போட்ட அதே கை, அதே அமைதி. தான் அடித்துப் போட்டவரைத் தானே அள்ளி எடுக்கும் அந்த நேரம்தான் அவருக்கு வேண்டியிருந்தது. நீங்கள் அதைக் கண்டுபிடித்துவிட்டு, பாசம் என்று பெயர் வைத்திருந்தீர்கள். நான் கண்டுபிடித்தது படம் வந்த நேரத்தை மட்டும்தான். இரண்டையும் நாம் சேர்த்துப் பார்த்திருக்கலாம், அக்கா. இப்போது யார் எந்தப் படம் அனுப்பினாலும், முகத்துக்கு முன்னால் நேரத்தைத்தான் பார்க்கிறேன்.

கேதத்துக்குப் போன மூன்றாம் நாள் நீங்கள் வேலைக்கு வரவில்லை. உங்கள் படம் காலை பத்து பத்துக்கு வந்தது, 'ரெடி பண்ணி வைங்க' என்று. நான் மிஷின் ரூமில் இருந்தேன். ஃபோன் சார்ஜில் கிடந்தது. பதினொன்றரைக்குத்தான் பார்த்து, போலீசைக் கூப்பிட்டேன். பத்தரைக்கு நீங்கள் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்ததைப் பக்கத்து வீட்டம்மா பார்த்திருக்கிறார். போலீஸ் கதவை உடைத்தபோது உங்கள் கால் பெருவிரல்கள் கட்டப்பட்டிருந்தன.