குணுக்கோடு எழுந்துபோன அண்ணனுக்கு

என் மணியண்ணா,

நேற்று உறுதியான செய்தி: எனக்கும் புராஸ்டேட் புற்றுநோய்தான். சொன்னவர் எறணாகுளத்தில் என்னைப் பார்க்கும் டாக்டரம்மா. என்னிடமிருந்து எடுத்த சதைத் துணுக்கில் பல செல்களில் ஒய் குரோமோசோம் இல்லையாம். அப்பா நம் இருவருக்கும் தந்தது அது.

"வயசானதாலயா, நோவாலயா?" என்று கேட்டேன்.

"வயசான ஆம்பிளைகளுக்கு நோவே இல்லாம ரத்தத்துலகூட அது போகும் சார். கேன்சர் செல்லுலயும் போகும். உங்களுக்கு எதனாலன்னு எனக்குச் சொல்லத் தெரியாது."

 

தொண்ணூறுகளிலிருந்தே மட்டாஞ்சேரி குடோன் வாசலில் ஞாயிறுதோறும் நாம் இருபத்தெட்டு சீட்டாட்டம் ஆடுவோமே, நினைவிருக்கிறதா? தோற்றவர் காதில் குணுக்கு என்று ஒரு தொங்கட்டான் மாட்ட வேண்டும். நமக்குத் துணி கிளிப்தான் குணுக்கு. காதில் அதோடு நீ கடைசி வருஷங்களில் அடிக்கடி ஒன்றுக்கு எழுந்து போவாய்.

"எடா மணியா, தோக்கற நேரம் பாத்துதான் உனக்கு முட்டுமா?" என்பார் நம்மோடு ஆடும் அந்தோணி சேட்டன்.

"வயசாச்சுல்லே சேட்டா! உங்களுக்கும் வரும், அப்ப நான் சிரிக்கறேன்."

கள்ளாட்டம் என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஆட்டம் முடியாமல் யாரும் எழக்கூடாது என்று சட்டம் போட்டார்கள். நீயும் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டாய். கால்களை இறுக்கி உட்கார்ந்து ஆடினாய். பிறகு முதுகுவலி என்று டாக்டரிடம் போனபோது, புற்றுநோய் எலும்புவரை வந்துவிட்டது என்றார்கள்.

உன் துணுக்கில் யாரும் குரோமோசோமைத் தேடவில்லை. தேடியிருந்தால்? இன்று எனக்குத் தெரிந்ததால் மட்டும் என்ன செய்ய முடிகிறது?

நீ போய்ப் பத்து வருஷத்துக்கு மேலாகிறது. ஆட்டம் நிற்கவில்லை. போன ஞாயிறு நடுவில் எழுந்தது நான். ஒருவரும் சிரிக்கவில்லை. அந்தோணி சேட்டன் தன் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தார்.

"போயிட்டு வாடா. உன் சீட்டை நான் பாக்க மாட்டேன், கேட்டோ."

திரும்பி வரும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள். கேலி செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், அண்ணா. அந்த அமைதிதான் பயமாக இருந்தது.

எலும்பு ஸ்கேன் எடுத்தாயிற்று. பரவியிருக்கிறதா என்பது மட்டும் பாக்கி. வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் தெரியும் என்றார்கள். எதுவானாலும் முதலில் உனக்குத்தான் சொல்வேன்.

அதே அப்பாவின் இளைய மகன்,
உன் தம்பி ராசு