அரிசி வயிறு

அக்கா,

இன்று காலை அரிசிக்கடைக்காரர் புது மூட்டையில் குத்தூசியைச் செருகி இழுத்தார். அதன் பள்ளத்தில் கொஞ்சம் அரிசி வந்தது. பார்க்கச் சொல்லி என் பக்கம் நீட்டினார். நான் இரண்டு கைகளாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்துவிட்டேன்.

"என்ன ஆச்சி, வயித்துவலியா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் அடுத்தடுத்த கட்டிலில் கிடந்துதானே நாம் பழகினோம். எனக்கு இரண்டாவது கரு கலைந்திருந்தது. உனக்கு முதல் பிள்ளை இறந்தே பிறந்திருந்தது. அதன்பின் உனக்கு வயிறு திறக்கவே இல்லை. எனக்கு மூன்றாவது முறை தங்கி, ஏழாம் மாதம் பேறுகாலத்துக்குத் தக்கலையில் அம்மா வீட்டுக்குப் போகும் வழியில், பணகுடியில் உன் வீட்டில் இரண்டு நாள் இருந்தேன்.

அப்போது ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு மேற்கே திருவிதாங்கூர்-கொச்சி, கிழக்கே சென்னை ராஜ்யம். அரிசி அந்த எல்லையைத் தாண்டக் கூடாது; கணவாயில் சோதனைச் சாவடி இருந்தது. அம்மா வீட்டில் ரேஷன் போக மற்ற வேளைக்கு மரச்சீனிக் கிழங்குதான். "பிள்ளை பெத்தவளுக்குக் கிழங்கா அவிச்சுப் போடுவாக?" என்று நீ பழைய வேட்டியில் பை தைத்தாய். அரிசியை நிரப்பி உன் வயிற்றில் கட்டி மேலே சேலையைச் சுற்றினாய். பிள்ளைத்தாய்ச்சி வேஷத்தில் எத்தனையோ பெண்கள் அப்படி எல்லை தாண்டினார்கள்.

"எனக்கு இது ஆறாவதுட்டி. எல்லாமே சம்பா," என்றாய்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "எக்கா, வேண்டாம். எனக்குப் பயமாட்டு இருக்கு."

"ஏட்டி, நெசமான வயிறு ஒனக்கு. நீ எதுக்குத் திருட்டுமுழி முழிக்க? பஸ்ஸுலயும் சாவடியிலயும் நான் யாரோ, நீ யாரோ."

பஸ் மலைகளுக்கு நடுவே நுழைந்ததும் ஆடிக்காற்று வண்டியைப் பிடித்து உலுக்கியது. காலையிலிருந்து குழந்தை அசையவே இல்லை என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. உன்னிடம் சொல்ல நினைத்தேன். நீ நான்கு வரிசை தள்ளி, யாரோவாக உட்கார்ந்திருந்தாய்.

சாவடியில் பெண்களை இறக்கி நிறுத்தினார்கள். காற்று சேலையை உடம்போடு அழுத்தி, இரண்டு வயிறுகளையும் எடுத்துக் காட்டியது. காவலர் கையில் மூட்டை குத்தும் ஊசி இருந்தது. நீ இடுப்பில் கை வைத்து, மூச்சு வாங்கி, அத்தனை அழகாக நின்றாய். உன்னை அவர் நம்பிவிட்டார். நான்தான் திருட்டுமுழி முழித்தேன்.

"எத்தன மாசம்?"

"ஏழு."

"போன வாரம் ஒருத்தியும் ஏழுண்ணுதான் சொன்னா. குத்தினேன், அரிசில்லா கொட்டிச்சு."

ஊசியின் முனை என் சேலை மடிப்பில் வந்து நின்றது. கத்தவேண்டும் என்று நினைத்தேன், வாய் திறக்கவில்லை. இதுவும் போகப்போகிறது என்று மட்டும் தெரிந்தது.

"அவளத் தொடாதேயும்," என்றாய் நீ. "அரிசி இங்க இருக்கு."

முடிச்சை இழுத்தாய். உன் காலடியில், தார்ரோட்டில், அரிசி கொட்டியது. ஊசி என்னை விட்டு விலகியது. காவலர் என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்:

"ஒனக்கு இவளத் தெரியுமா?"

"தெரியாது."

அதுவரை வராத குரல் அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் கணீரென்று வந்தது, அக்கா. உன்னை நிறுத்திவைத்துவிட்டு பஸ்ஸை அனுப்பிவிட்டார்கள். ஒட்டிய வயிற்றோடு நீ காற்றில் நிற்பதைப் பார்த்துக்கொண்டே போனேன். வளைவு தாண்டியபின் குழந்தை உதைத்தது.

பிள்ளை பிறந்து, நீ பார்க்க வந்தபோது மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். "நாந்தானட்டி சொல்லிக் குடுத்தேன்," என்று மடியில் பிள்ளையை வாங்கிக்கொண்டாய். நீ சொல்லிக் கொடுத்தது எனக்கு அப்போது நினைவிலேயே இல்லை. என்னையும் பிடித்து வைத்துக்கொள்வார்களோ என்ற பயத்தில் சொன்னேன். இதை உன்னிடம் கடைசிவரை சொல்லவில்லை.

பிறகு அம்மா ஊர்ப் பக்கமும் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது, சாவடியும் போயிற்று. என் மகள் அந்த வளைவில் நன்றாகத் தூங்கிக்கொண்டு வருவாள். நான் இன்றும் இரண்டு கைகளையும் வயிற்றில் வைத்துக்கொண்டுதான் அதைக் கடக்கிறேன்.

போன மாதம் உன் வீட்டுக் கூடத்தில் உன்னைக் கிடத்தியிருந்தார்கள்; நான் உன் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தேன். யாரோ ஒரு பெண் குனிந்து கேட்டாள். "நீங்க யாரும்மா? இவுகளத் தெரியுமா?"

"தெரியும்," என்றேன். குரல் எழும்பவில்லை. மறுபடி சொன்னேன். கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாவது முறை சொன்னபோது என் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.