தானாக வாசித்தாள்

அன்புள்ள மகளுக்கு,

இரண்டு வருஷம் நாலு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும் என்று இன்று காலை முடிவு செய்தேன். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சௌக்கியம் என்று ஞாயிற்றுக்கிழமை போனை வைத்ததும் உன் அம்மா சுவரைப் பார்த்துச் சொல்வாள், நான் செய்தித்தாளைப் பார்த்தபடி கேட்டுக்கொள்வேன். எங்கள் சௌக்கியத்தை நீ அவளிடம் விசாரிக்கிறாய், அதில் என் பங்கு எவ்வளவோ எனக்குத் தெரியாது. அவளுக்கு முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது, மாடிப்படி ஏறுகிறாள். மாடியில் குடியிருக்கும் குழாய் மேஸ்திரி ஊர்க் குழாயையெல்லாம் சரிசெய்கிறார், அவர் வீட்டுக் குழாய் மட்டும் எங்கள் சமையலறைச் சுவரில் கசிகிறது. எனக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆன தையல் ஆறிவிட்டது. அப்போது நீ அம்மாவுக்குத்தான் போன் செய்தாய், எனக்குச் செய்யவில்லை. அதை நான் மறக்கவில்லை. பாடநூல் அலுவலகத்தில் என்னிடம் பிழை திருத்தக் கற்றவன் எனக்கே அதிகாரியாக வந்து, வந்த வாரமே என் மேஜையை ஜன்னலோரத்திலிருந்து கழிப்பறை வாசலுக்கு நகர்த்தினான், அதையும் மறக்கவில்லை. மறதி என்னும் வரம் எனக்கு வாய்க்கவில்லை, உனக்கும் வாய்த்ததாகத் தெரியவில்லை.

சண்டைக்கு எழுதவில்லை. ஒரு குழந்தைக்கு நான் கெடுதல் செய்துவிட்டேன், அதை உன்னால்தான் சரிசெய்ய முடியும். போன ஞாயிறு உன் அம்மா அதைச் சொல்லத்தான் ஆரம்பித்தாள். ஒரு பிள்ளைக்குப் படிக்கச் சொல்லித் தரணும், அப்பா கேட்கிறார் என்றாளாம். அப்பா கேட்கிறாரென்றால் வேண்டாம்மா, வேறு ஏதாவது பேசு என்று சொல்லிவிட்டாயாம். போனை வைத்துவிட்டு என்னிடம் வந்து, இருபது வருஷமாக உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் தபால்காரி உத்தியோகம் பார்த்தாச்சு, இதோடு ரிட்டயர் ஆகிறேன், நீங்களே எழுதுங்க என்றாள். நான் மின்னஞ்சல் அனுப்பினால் திறக்காமலே அழிப்பாய். காகிதமென்றால் கிழிப்பதற்காவது கையில் எடுத்தாக வேண்டும்.

ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டில் கிடந்து நான் எல்லோரையும் கடித்துக் குதறுவதைத் தாங்காமல், சுவரோடு பேசுவதற்குப் பதில் பிள்ளைகளோடு பேசுங்க என்று உன் அம்மாதான் என்னை அந்தத் தன்னார்வலர் குழுவில் சேர்த்துவிட்டாள். நம் மொழி பேசும் பிள்ளைகள் நாலைந்து தேசங்களில் நம் எழுத்தே தெரியாமல் வளர்கிறார்கள், வாரம் ஒரு நாள் அரைமணி நேரம் கணினி வழியாகக் கதை சொல்லி அவர்களை வாசிக்கப் பழக்க வேண்டும். எனக்கு ஆறு பிள்ளைகள் கொடுத்தார்கள், எல்லோரும் ஒரே பள்ளிக்கூடம், நூலக அறையில் வரிசையாக உட்காருவார்கள். குழுவுக்கு ஒரு முறை உண்டு. கதையை ஒலிப்பதிவு செய்து முன்கூட்டியே அனுப்பிவிட வேண்டும், வீட்டில் கேட்டுவிட்டு வருவார்கள். பாடத்தின்போது புத்தகத்தைக் கேமராவுக்கு நேராகப் பிடித்து வாசிக்க வேண்டும், கடைசிப் பக்கத்துக்கு முன்னால் நிறுத்திவிட வேண்டும். கடைசிப் பக்கம் பிள்ளையுடையது. வாரம் ஒரு பிள்ளை அதை வாசிக்கும், மற்றவர்கள் ஆளுக்கொரு வரி. முடிந்ததும் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே தானாக வாசித்தாள், உதவியுடன் வாசித்தாள், வாசிக்கவில்லை என்ற மூன்றில் ஒன்றைக் குறித்து அனுப்ப வேண்டும். நான் சேர்ந்தது வேண்டாவெறுப்பாகத்தான். இரண்டாம் வாரமே புதன்கிழமைக்குச் சவரம் செய்துகொள்ள ஆரம்பித்துவிட்டேன் என்று உன் அம்மா கேலி செய்தாள்.

அதில் ஒரு பெண், எட்டு வயது. கம்பளித் தொப்பியைக் கழற்றவே மாட்டாள், அதனால் எல்லோருக்கும் அவள் தொப்பி. நான் அவளுக்குக் கண்ணாடி மாமா. வாய் அப்படியொரு வாய். உங்க சட்டையை யார் இஸ்திரி போட்டது மாமா, முயல் மாதிரி காது இருக்கு என்பாள். மற்றவர்கள் தத்தித் தத்தி வாசிப்பார்கள், இவள் மட்டும் கடகடவென்று, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, ராஜா குரலில் ராஜா, தவளைக் குரலில் தவளை. ஆறாவது வாரம் நான் ஒரு தவறு செய்தேன். மேஜையில் இரண்டு புத்தகங்கள் கிடந்தன, அன்றைய நண்டுக் கதையின் கடைசிப் பக்கத்துக்குப் பதிலாகப் பழைய குடைக் கதையின் கடைசிப் பக்கத்தைத் தூக்கிப் பிடித்துவிட்டேன். பக்கத்தில் குடையும் மழையும் எழுதியிருக்கிறது, அவள் திரையில் விரல் வைத்து வரி வரியாக நகர்த்திக்கொண்டு நண்டு வீடு திரும்பிய கதையை வாசிக்கிறாள், ஒரு சொல் பிசகவில்லை. முழுக்க மனப்பாடம். ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டே நெட்டுருப் போட்டிருக்கிறாள், எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. பாதியில் நானும் பக்கத்தைப் பார்த்தேன், என் முகம் மாறியதை அவளும் பார்த்தாள். தொப்பியைக் கண்வரை இழுத்துக்கொண்டாள். நான் புத்தகத்தை மூடி, பிரமாதம் என்றேன். தானாக வாசித்தாள் என்று குறித்தேன்.

ஏன் என்று நீ கேட்பாய், கேட்க உனக்குத்தான் உரிமை. நீ பத்து வயதில் தினமும் சாயங்காலம் எனக்குத் தலையங்கம் வாசித்துக் காட்டுவாயே, பிழை விட்டால் என் பென்சில் மேஜையில் தட்டுமே, அப்போது உன் முகம் எப்படிப் போகும் என்று நான் பார்த்ததே இல்லை, என் கண் காகிதத்தில்தான் இருந்தது. கடைசியாக நீ வந்திருந்தபோது பேரனுக்குக் கதை வாசித்துக்கொண்டிருந்தாய், நான் பக்கத்து அறையிலிருந்து மூன்று தடவை உன்னைத் திருத்தினேன். நாற்பதை நெருங்குகிறேன், இன்னும் உங்கள் முன்னால் வாய் திறந்தால் அந்தப் பென்சில் சத்தம் கேட்கிறது என்றாய், இரண்டு நாள் முன்னதாகவே பெட்டியைக் கட்டினாய். நன்றாகப் படித்து நல்ல வேலைக்குப் போனது யாரால் என்று நானும் கத்தினேன், இப்போதும் அதில் பாதி நியாயம் இருப்பதாகத்தான் நினைக்கிறேன். ஆனால் அந்தக் குழந்தை தொப்பியை இழுத்தபோது என்னால் திருத்த முடியவில்லை. பென்சில் கையில்தான் இருந்தது.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அவளுக்காக ஒலிப்பதிவை இரண்டு நாள் முன்னதாக அனுப்ப ஆரம்பித்தேன், நன்றாக நெட்டுருப் போடட்டும் என்று. வாரம் தவறாமல் தானாக வாசித்தாள், தானாக வாசித்தாள். மொத்தம் பத்தொன்பது வாரம், அதில் பதினாலு வாரம் தெரிந்தே சொன்ன பொய். வாழ்நாளெல்லாம் அடுத்தவன் பிழையைப் பிடித்துச் சம்பளம் வாங்கியவன் நான். அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு விதி இருப்பது எனக்குத் தெரியாது, பத்தொன்பதாம் வாரம் அந்த நூலக அறையைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் எழுதித்தான் தெரிந்தது. தாய்மொழியில் வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அந்த ஊர் மொழியைப் பழக ஒரு வருஷம் அவகாசம் கொடுப்பார்கள், அதுவும் தெரியாவிட்டால் தனி வகுப்புக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே போன பிள்ளைகள் திரும்பி வந்ததாக நான் பார்த்ததில்லை என்று நூலகத்து அம்மாள் சொல்கிறார். யாரை எங்கே அனுப்புவதென்று முடிவு செய்ய ஒரு பரீட்சை, ஆசிரியர்கள் மூன்று பேர் உட்கார்ந்து, பிள்ளை முன்பின் பார்த்திராத ஒரு பக்கத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்வார்கள். தொப்பிதான் நன்றாக வாசிக்கிறாளே என்று, அவளுக்குக் கிடைத்திருக்க வேண்டிய கூடுதல் வாசிப்பு நேரத்தை வேறொரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார்கள். என் குறிப்புகளை நம்பித்தான் கொடுத்தார்கள்.

இது தெரிந்த அன்றே குழுவை நடத்தும் பெண்ணுக்குப் போன் செய்து ஒன்று விடாமல் சொன்னேன். உன்னைவிடச் சின்னவள். முழுக்கக் கேட்டுக்கொண்டாள். அப்புறம், நீங்க நல்லது நினைச்சுத்தான் செஞ்சிருப்பீங்க சார், ஆனா இனிமே உங்களைப் பிள்ளைங்க முன்னாடி உட்கார வைக்க முடியாது சார் என்றாள். சாயங்காலத்துக்குள் என் கணக்கை மூடிவிட்டார்கள். அவள் செய்தது சரி, அவள்மேல் எனக்குக் கோபமில்லை, ஆச்சரியமாக இருக்கிறதா. தொடர விட்டிருந்தால் நானே எழுத்துச் சொல்லிக் கொடுத்திருப்பேன், இப்போது அதற்கும் வழியில்லை. மறுவாரம் வேறு யாரோ கதை சொல்லியிருக்கிறார்கள், கண்ணாடி மாமா ஏன் வரலை, என்மேல கோபமா என்று தொப்பி கேட்டாளாம். அதை எனக்குச் சொன்னது குழுவை நடத்தும் பெண்தான். அவள் அம்மா சலவைக்கூடத்தில் இரண்டு ஷிப்ட் வேலை பார்க்கிறாள், அவளுக்கும் எழுத்து தெரியாது. நம் மொழி தெரிந்தவர் யாராவது நேரில் வந்தால் பள்ளி விட்டதும் ஒரு மணி நேரம் நூலகத்தில் உட்கார வைத்துக்கொள்ளலாம், தானும் கூட இருக்கிறேன் என்று நூலகத்து அம்மாள் சொல்லியிருக்கிறார். குழு தேடிப் பார்த்துவிட்டது, அந்த ஊரில் அவர்களுக்கு ஆள் இல்லை. எனக்கு உண்டு. நீ வேலை பார்க்கும் மருத்துவமனையிலிருந்து மூன்றாவது பஸ் நிறுத்தம், வரைபடத்தில் பார்த்தேன்.

பரீட்சை அடுத்த மாதம் நாலாவது திங்கட்கிழமை. இந்தக் கடிதம் உன் கைக்கு வர ஒன்பது நாள் ஆகலாம், மிச்சம் பதினேழு நாள். எழுத்துக் கூட்டி ஒரு பக்கம் வாசிக்கப் பதினேழு நாள் போதுமா என்று எனக்குத் தெரியாது, போதாது என்றுதான் என் படிப்பு சொல்கிறது. போய்ப் பார். எதிரே உட்காராதே, பக்கத்தில் உட்கார். மனப்பாடம் செய்ய எதையும் முன்னால் கொடுக்காதே. திக்கினால் முகத்தைப் பார்க்காதே, நீயும் எடுத்துக் கொடுக்காதே, காத்திரு. உடைந்த கை கால்களை மறுபடி இயங்கப் பழக்குகிறவள் நீ, அவசரப்படாத வித்தை உனக்குத் தெரியும், அது என்னிடமிருந்து வந்ததில்லை. எனக்கு அவள்மேல் கோபமில்லை என்று மட்டும் அவளிடம் சொல்.

பேரனுக்கு என் முத்தம், மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். குளிரில் காலை ஈரமாக வைத்துக்கொள்ளாதே. நீங்கள் மூவரும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும். நூலகம் ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள், மறந்துவிடாதே.

யார் எழுதியது என்று முதல் வரியிலேயே உனக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் கையெழுத்துப் போடப் பேனாவை வைத்தவன் எடுத்துவிட்டேன். உன் அப்பா என்று எழுதினால் அப்பா கேட்கிறார் என்றாகிவிடும், நீ வேண்டாம் என்பாய். கேட்பது நான் இல்லை. அதனால் அந்த இடத்தில் பள்ளிக்கூடத்தின் முகவரியை எழுதி, கையெழுத்தில்லாமலே தபாலில் சேர்க்கிறேன்.