இலை சுட்ட பாவாவுக்கு

என் கண்ணை நம்பித் துப்பாக்கி தூக்கிய பாவாவுக்கு,

இன்று விடியற்காலைக் கனவில் வந்தீர்கள். நம் தறிக்குப் பக்கத்தில் ஒரு புள்ளிமான் நின்று நூலில் மூக்கை உரசிக்கொண்டிருந்தது. "வயசு சொல்லு மச்சான்" என்றீர்கள். வாயைத் திறப்பதற்குள் கனவு கலைந்துவிட்டது. விழித்த பிறகும் வெகுநேரம் அந்த மான் வீட்டுக்குள்தான் எங்கோ நிற்கிறது என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

அக்காவையும் என்னையும் விட்டு நீங்கள் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. அம்மையார்குப்பத்தில் நம் தெருவில் பாதி வீட்டுக்குப் பவர்லூம் வந்துவிட்டது. அமாவாசைக்கு மட்டும் இன்னும் தறி நிற்கிறது. அந்த லீவு நாளில்தானே நாம் பள்ளிப்பட்டுப் பக்கம் காட்டுக்குப் போவோம்? அப்போதெல்லாம் கேட்பாரில்லை. துப்பாக்கி உங்களுடையது, கண் என்னுடையது. கிழட்டு ஆண்மானைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை என்று நமக்குள் பேச்சு.

கொம்பை நம்பாமல் உடம்பைப் பார்க்க வேண்டும் என்று நான் அளப்பேன். இளசென்றால் கால் நீளமாகத் தெரியும், வயிறு ஒட்டியிருக்கும். வயதானால் முதுகு தொய்ந்து வயிறு இறங்கிவிடும். தறியில் ஓர் இழை தொய்ந்தாலும் கண்டுபிடிக்கிறவனுக்கு இதென்ன பெரிய வேலை என்று எனக்குத் தலைக்கனம்.

அந்தப் பனிக்கால விடியல் நினைவிருக்கிறதா? புகைபோல மூடியிருந்த பனிக்குள் ஒற்றை மான். தொய்ந்த முதுகு, இறங்கிய வயிறு.

"கொம்பு இல்லியே மச்சான்?" என்று கிசுகிசுத்தீர்கள்.

"உதுந்து பூட்டுது பாவா. கெயட்டு ஆணுதான். போடுங்க!"

வெடித்தது. மேலேயிருந்து நாலு இலை விழுந்தது. மான் பனிக்குள் கரைந்துபோனது. "கை நழுவிடுச்சு" என்றீர்கள்.

அன்றிலிருந்து உங்களுக்கு 'இலை சுட்டவர்' என்று பெயர் வைத்தது நான்தான். டீக்கடையில், கல்யாணப் பந்தியில், எங்கே கண்டாலும், "எங்க பாவா வேட்டைக்குப் போனா வீட்ல கீரைதான்" என்று சிரிக்க வைப்பேன். நீங்களும் கூடச் சேர்ந்து சிரிப்பீர்கள். அதன் பிறகு துப்பாக்கியைத் தொடவே இல்லை. தோற்றுப்போன வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த ஆடிக் கிருத்திகைக்கு அக்காவோடு திருத்தணி மலை ஏறினேன். பாதிப் படியில் மூச்சு வாங்க உட்கார்ந்தோம். வழக்கம்போல அந்தக் கதையை எடுத்தேன். அக்காவின் முகம் மாறிவிட்டது.

"போதும் நிறுத்துடா. அது செனை மானு. உங்க பாவா பாத்துட்டாரு. உன் கண்ணு பொய்யின்னு உனக்கே தெரியக் கூடாதுன்னுதான் துப்பாக்கிய மேல தூக்கினாரு. உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிகினாரு. எத்தினி வருசம்டா நானும் கேட்டுகினு இருப்பேன்?"

சுற்றிலும் அரோகரா என்று காவடிகள் ஏறிக்கொண்டிருந்தன. மான் வயிற்றில் பிறந்த வள்ளியின் சந்நிதிக்கு எந்த முகத்தோடு போவது? படியிலேயே உட்கார்ந்து அழுதேன், பாவா.

என்னைத் திட்டியிருக்கலாமே? ஒரு தடவையாவது "நிறுத்துடா" என்றிருக்கலாமே? நான் சிரிக்க வைத்தபோதெல்லாம் எப்படி உங்களால் கூடச் சிரிக்க முடிந்தது?

வரும் அமாவாசைக்குத் தறி நின்றதும் டீக்கடைக்குப் போவேன். எல்லோரும் இருப்பார்கள், இலை சுட்டவர் கதையைக் கேட்பார்கள். சொல்வேன். இந்தத் தடவை முழுசாகச் சொல்வேன். சிரிப்பதாக இருந்தால் என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும்.

உங்கள் கையால் பிழைத்த மானின் வயதைத் தப்பாகச் சொன்ன,
உங்கள் மச்சான்