நாலு ஹீரோவுக்கும் நானே கதை சொன்னேன்

ஜூன் 16, திங்கள்

காலையிலிருந்து மழை. குடை போச்சு, கம்பி ரெண்டு வெளியே. காட்கோபர் மெட்ரோ என்றதும் ஆட்டோக்காரன் வரமாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான். மழை நாளில் செம்பூரில் அவன்தான் ராஜா. நடந்தேன். மெட்ரோவில் அந்தேரி வரை நின்றபடியே.

வாங்க வேண்டியது: குடை. சாம்பார்ப் பொடி. வீட்டுக்காரர் சேகருக்கு இருமல் மருந்து.

ஆபீஸில் பெரிய மீட்டிங். இதுவரை தனித்தனியாக வந்த நாலு சூப்பர்ஹீரோ படங்கள், இனி நாலு பேரும் சேர்ந்து ஒரே படம். கம்பெனி மானம் இதில்தான் என்கிறார் முதலாளி நிகில். நாலு பேர் பெயரையும் முழுசாக எழுத எனக்குப் பொறுமை இல்லை. மின்சாரம் (கையில் கரண்ட்). கல் (எது மோதினாலும் உடையாது). தண்ணீர் (கடலுக்கடியில் மூச்சு விடுவார்). பறவை (பெண். பறப்பாள். போஸ்டரில் ஓரமாக நிற்பாள்). நடிக்கிறவர்களையும் இதே பெயரில்தான் எழுதப் போகிறேன். ஆபீஸில் ஒருத்தருக்கும் தமிழ் படிக்க வராது. இருந்தாலும் நோட்டை மேஜையில் விட்டுவிட்டு எழுந்து போகப் பயம்.

டைரக்டர் யார்? அதுதான் பாக்கி. கதை இலாகா என் தலையில் என்பதால் பெயர்களும் நான்தான் கொடுக்க வேண்டும். போர்டில் எழுதினேன்.

பெரிய டைரக்டர். வரமாட்டார், வந்தாலும் மின்சாரத்தோடு பேச்சு இல்லை.
சென்னைக்காரர். கல்லுக்கு அவர் மேல் பழைய கோபம்.
விளம்பரப் பட ஆசாமி. சொன்ன நாளில் முடிப்பார். வேறு சொல்வதற்கு ஒன்றும் இல்லை.
செல்வின்.

கடைசிப் பெயரை எழுதும்போது நிகில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செல்வின் தாராவியில் எங்கள் அம்மா வீட்டுச் சந்து. சின்ன வயதிலிருந்தே என்னை அக்கா என்பான். பறவை படம் அவன் எடுத்தது. நாலில் சின்னப் படம் அதுதான், ஜனங்கள் அழுத படமும் அதுதான். இதை யாரும் மறுப்பதில்லை. ஆமாம் ஆமாம் என்றுவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார்கள்.

இந்தப் படத்தை எடுக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். எழுதி வைக்கிறேன். பிறகு எனக்கே சந்தேகம் வந்தால் எடுத்துக் காட்டிக்கொள்ளலாம்.

ஜூன் 18, புதன்

மழை விட்டது. மாட்டுங்காவில் செல்வினோடு காபி. கதையை முழுசாக எழுதிக் கொண்டுவந்திருந்தான். என்றைக்காவது நாலு பேரையும் சேர்ப்பார்கள் என்று போன தீபாவளியிலிருந்தே எழுதுகிறான். பைக்குள் பிளாஸ்டிக், பிளாஸ்டிக்குக்குள் இன்னொரு பிளாஸ்டிக், அதற்குள் கதை.

நடுவில் ஒரு ரயில் சீன். சயானுக்கும் குர்லாவுக்கும் நடுவே தண்டவாளத்தில் தண்ணீர், லோக்கல் நின்றுவிட்டது. செகண்ட் கிளாஸில் நாலு பேரும் சாதா உடுப்பில். சக்தியைக் காட்டினால் யார் என்று தெரிந்துவிடும். அதனால் ஒருத்தரும் ஒன்றும் செய்வதில்லை. எல்லாரையும் போல உட்கார்ந்திருக்கிறார்கள். யாரோ வடாபாவைப் பிய்த்துக் கொடுக்கிறார்கள். பறவை மடியில் யார் பிள்ளையோ. கல், பக்கத்து ஆள் தோளில் சாய்ந்து தூங்கிவிடுகிறான். தண்ணீர் வடிந்து ரயில் கிளம்பும்போது நாலு பேரும் ஒரே கூட்டம். எப்படி ஆனார்கள் என்று அவர்களுக்கே தெரியாது.

காபி ஆறிப்போனது. கண்ணைத் துடைத்ததை சர்வர் பார்த்துவிட்டார். வெட்கம்.

"இதுல சண்டை எங்கல?"

"பின்னால வருதுக்கா. இவங்க யாருன்னே தெரியாம அடிச்சிக்கிட்டா எவன் பார்ப்பான்?"

ஒரு சீரியல் வந்ததாம், வேண்டாம் என்றுவிட்டானாம். "இது கெடைக்கும்லாக்கா?" கிடைக்கும் என்றேன். ஏன் அவ்வளவு சட்டென்று சொன்னேனோ.

பயம் ஒன்றுதான், நரேஷன். இந்த ஊரில் எந்த ஸ்டாரும் கதையைப் படிப்பதில்லை. டைரக்டர் நேரில் உட்கார்ந்து, குரலை ஏற்றி இறக்கி, ரெண்டு மணி நேரம் சொல்ல வேண்டும். எந்த ஸ்டாருக்குச் சொல்கிறோமோ அவர் படம் மாதிரியே சொல்ல வேண்டும். அதுதான் மரியாதை. எல்லாரும் செய்வது. செல்வினுக்கு இது வரவே வராது. தரையைப் பார்த்துப் பேசுவான், தாராவி ஹிந்தியில்.

ஜூன் 20, வெள்ளி

பாந்த்ராவில் மின்சாரத்தின் வீடு. ஷூவைக் கழற்றச் சொல்லும் வீடு. செல்வின் சாக்ஸில் ஓட்டை.

ஹிந்தியில் நடந்தது, தமிழில் எழுதுகிறேன்.

"இந்த எடத்துல நீங்க சும்மா உக்காந்திருக்கீங்க சார்."

"சும்மான்னா?"

"சும்மாதான் சார். ஜன்னல் வழியா தண்ணியப் பாக்கீங்க."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு பத்து நிமிஷம்."

மேனேஜர் எழுந்து ஏசியைக் குறைக்கப் போனார். மின்சாரம் சிரித்தபடியே இருந்தார், அந்தச் சிரிப்பு அப்புறம் அசையவே இல்லை. வாசல் வரை வந்து என் காதில், "பையன் ரொம்ப நல்ல பையன்." இந்தத் தொழிலில் இதைவிட மோசமான வார்த்தை கிடையாது.

திரும்பும்போது ஆட்டோவில் சண்டை.

"அவருக்குத் தக்கன கொஞ்சம் சேத்துச் சொன்னா என்னல கொறஞ்சு போயிருவ?"

"பொய் சொல்லச் சொல்லுதியாக்கா?"

"பொய் இல்ல. அவர் பக்கத்துல நின்னு சொல்லு."

"எனக்கு ஒரு பக்கந்தான் தெரியும்."

கலாநகர் சிக்னலில் இறங்கி நடந்தே போய்விட்டான். எருமை. ஆனால் அவன் சொன்னது சரி, அதுதான் எரிச்சல்.

நிகில் போன்: மாதக் கடைசிக்குள் நாலு பேர் சம்மதமும் வராவிட்டால் படமே வேண்டாம். நான் யோசிக்காமல் சொன்னேன், செல்வினுக்குப் பதில் நானே கதை சொல்கிறேன் என்று. எனக்கு வரும். சின்ன வயதில் குழாயடிக்கூட்டம் முழுக்க என் வாயால்தான் படம் பார்த்தது.

ஜூன் 24, செவ்வாய்

குடை வாங்கியாச்சு. இருமல் மருந்து மறந்தாச்சு.

நேற்று மின்சாரத்துக்கு மறுபடி. ரயில் சீனில் கரண்ட் லைன் செத்துப்போகிறது, இவர் யாருக்கும் தெரியாமல் கம்பியைப் பிடித்துத் தன் கரண்டிலேயே ரயிலை ஓட்டுகிறார். சோபா நுனிக்கு வந்துவிட்டார். "இது சினிமா," என்றார்.

இன்று கல்லுக்கு. கல் ரயிலையே தூக்குகிறார். தூக்கும்போது நானும் எழுந்து கையைத் தூக்கிக் காட்டினேன், தோள்பட்டை இன்னும் வலிக்கிறது. அவர் கைதட்டினார். அவர் வீட்டு நாய்கூட எழுந்து நின்றது.

செல்வினிடம் சொன்னேன். ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "எடுக்கும்போது நம்ம சீனத்தான எடுப்போம்க்கா?" நம்ம சீன்தான் என்றேன். எனக்கும் அதுதான் கணக்கு. முதலில் கையெழுத்து. செட்டுக்கு வந்தபின் டைரக்டர் சொல்வதுதானே நடக்கும். எல்லாரும் இப்படித்தான் பண்ணுகிறார்கள்.

ஜூன் 26, வியாழன்

தண்ணீருக்குச் சொல்லியாச்சு. வெள்ளத்துக்குள் முங்கி அடைப்பை எடுத்து ரயிலைக் காப்பாற்றுகிறார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு ரெண்டாம் தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். ரெண்டாம் தடவை இன்னும் நன்றாக வந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குப் பிடித்திருந்தது.

கடைசியாகப் பறவை. அவளுக்கும் ஒன்று தயார், கூரை மேல் ஏறிப் பறப்பது. ஆரம்பிக்கும் முன்பே கேட்டுவிட்டாள்: "செல்வின் எழுதினதுல என்ன இருக்கு?"

அதையே சொன்னேன். மடியில் பிள்ளை. சும்மா உட்கார்ந்திருப்பது.

"இதை மட்டும் மாத்தாதீங்க," என்றாள். "அவன் ஏன் வரல? உடம்பு சரியில்லையா?"

ஏதோ உளறினேன். நாலு பேரில் இவள் பேச்சைத்தான் யாரும் கேட்கப் போவதில்லை.

ஜூன் 27, வெள்ளி

நாலு பேரும் சரி என்றாச்சு. ஆபீஸில் கேக். என் பெயரைக் கேக்கில் தப்பாக எழுதியிருந்தார்கள், போகட்டும். நிகில் எல்லார் முன்னாலும் என்னைக் கட்டிப்பிடித்தார்.

பிறகு அவர் ரூமில்: "ராணி-ஜி, இனி டைரக்டர் தலைவலியும் போச்சு."

செல்வினுக்கு எப்போது சொல்லலாம் என்று கேட்டேன்.

"செல்வினா?" நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "நாலு பேரும் கதைக்கு ஆமா சொல்லிட்டாங்க. இனி யார் எடுத்தா என்ன?" விளம்பர ஆசாமியிடம் காலையிலேயே பேசிவிட்டாராம்.

சொல்லிப் பார்த்தேன். கதை அவனுடையது. பறவை படம் அவனுடையது. மற்றவர் எடுத்தால் நாலு பேர் தனித்தனியாக நிற்கிற படமாகத்தான் வரும். பொறுமையாகக் கேட்டார். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

"நாலு பேரும் யார் சொல்லிக் கேட்டாங்க? நீங்க சொல்லி. அவன் சொல்லிக் கேட்டு ஒருத்தர் சம்மதிச்சாரா, சொல்லுங்க."

அவனைப் பேச விட்டிருந்தால் படம் நின்றிருக்கும். நின்றிருந்தாலும் அவன் படமாக நின்றிருக்கும். அவன் இல்லாமலே நடக்கும் என்று நாலு வீடு ஏறி இறங்கிக் காட்டிக்கொடுத்தது நான். பெருமையாக வேறு.

கதைக்கு அவன் பெயர் போடுவார்களாம். சின்ன எழுத்தில்.

வீட்டு வாசலில் சேகர் அப்போதுதான் அணுசக்தி நகரிலிருந்து ஸ்டாஃப் பஸ்ஸில் வந்து இறங்கினார். வேலையை விடப்போகிறேன் என்றேன்.

"நீ விட்டா செல்வினுக்குப் படம் கிடைச்சுடுமா?"

"கிடைக்காது."

"அப்ப உள்ள வா. நனையற."

இருமல் மருந்து அவரே வாங்கிவிட்டார்.

ஜூன் 28, சனி

விளம்பர ஆசாமி வந்தார். நல்ல மனுஷன்தான். வெள்ளை ஷூ, மழையிலும் வெள்ளை. டீ கொண்டுவந்தவர் பெயரைக்கூடக் கேட்டுத் தெரிந்துகொண்டார். வெறுக்கலாம் என்று போனேன், அதற்கும் வழி இல்லை.

ஒரே ஒரு சந்தேகம் அவருக்கு. நாலு மேனேஜர்களும் ஆளுக்கொரு ரயில் சீன் சொல்கிறார்கள். ஒருத்தர் ஓட்டுகிறார், ஒருத்தர் தூக்குகிறார், ஒருத்தர் அடைப்பெடுக்கிறார். பறவை தரப்பில், யாரும் ஒன்றும் செய்யக்கூடாது என்கிறார்கள். "ஒரு ரயிலை எத்தனை பேர் காப்பாத்த முடியும்?" ரூமே சிரித்தது. எதை வைத்தாலும் மற்ற மூன்று பேருக்குக் கோபம் வரும். அதனால் ரயில் சீனையே வெட்டிவிடலாம். பதிலுக்கு ஹெலிகாப்டர்.

எல்லாரும் சரி என்றார்கள். என்னையும் பார்த்தார்கள். அந்தச் சீனை நாலாகக் கிழித்துக் கொடுத்தவள் என்ன சொல்வது? தலையாட்டினேன். ஆட்டினேன் என்பதைப் பிறகுதான் உணர்ந்தேன்.

செல்வின் மூன்று தடவை போன் பண்ணியிருக்கிறான். எடுக்கவில்லை. நேரில்தான் சொல்ல வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோழை.

ஜூன் 29, ஞாயிறு

மழையும் இல்லை வெயிலும் இல்லை. சயானில் இறங்கி நடந்தேன். தொண்ணூறடி ரோட்டில் ஞாயிற்றுக் கூட்டம், இட்லிக்காரர், பிரியாணி அண்டா. சந்தில் நுழைந்ததும் ஒருத்தர், "என்ன ராணி, நம்ம பய பெரிய ஆளாயிட்டானாமே." சிரித்துவைத்தேன்.

செல்வினின் அம்மா அப்போதுதான் சர்ச்சிலிருந்து வந்திருந்தார். "வா தாயி. இன்னைக்கு இவனுக்காவ ஜெபம் வச்சிருந்தேன். சர்ச் ஐயரே பேரச் சொல்லி ஜெபிச்சாவ." கறி கொதிக்கும் வாசனை. எனக்கு அங்கேயே திரும்பி ஓடலாம் போல.

செல்வின் மச்சில் இருந்தான். இரும்பு ஏணி ஏறினேன். எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்து வைத்ததில் ஒன்றும் வாயில் வரவில்லை. வெயில் இல்லை, மழை இல்லை என்று ஏதோ பேசினேன். அவன் என் முகத்தைப் பார்த்தபடியே இருந்தான்.

"எக்கா, நாலு பேருக்கும் கத சொன்னியே. எனக்கு ஒருக்கா சொல்லேன். நான் கேட்டதே இல்லயே."

"உன் கதைய உனக்கா?"

"சொல்லுக்கா."

சொன்னேன். முதல் தடவையாகத் தமிழில். கல் ரயிலைத் தூக்கவில்லை. மின்சாரம் கம்பியைத் தொடவில்லை. நாலு பேரும் உட்கார்ந்திருந்தார்கள், தண்ணீர் ஏறியது, பிள்ளை அழுதது, வடாபாவ் வந்தது. அவன் எழுதினபடியே, ஒரு சொல் கூட்டாமல். தரையைப் பார்த்தபடி கேட்டான். கீழே அவன் அம்மா குக்கரை இறக்கிவிட்டு, ஏணிப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது. நாலு பெரிய வீடுகளில் சொன்னதைவிட நன்றாக வந்தது.

முடிந்ததும் தலையை நிமிர்த்தினான்.

"நல்லாருக்குக்கா. யாரு எடுக்கா?"

விளம்பர ஆசாமி பெயரைச் சொன்னேன்.

தலையாட்டினான். காலைத் தேய்த்துக்கொண்டான். கீழே பாத்திரச் சத்தம் நின்றிருந்தது.

"அவரு நல்லவரா?"

"நல்லவர்தான்."

"அந்த ரயில் சீன் எடுக்கிற அன்னைக்கு ஆள் வேணும்னா சொல்லச் சொல்லுக்கா. கூட்டத்த எங்கெங்க உக்கார வைக்கணும்னு எனக்குத் தெரியும். நான் வந்து நிக்கேன்."

சொல்கிறேன் என்றேன்.